கங்நுங் தானோஜே, தொங்யேயின் முச்சொன் விழாவா?

கேள்வி: தென்கொரியாவில் சுவோனில் வேலை பார்க்கிறேன். ஜூனில் குடும்பத்தோடு கங்நுங் தானோஜே திருவிழாவுக்குப் போகப் போகிறோம். கங்நுங் இருக்கும் கிழக்குக் கடலோரத்தில் பழங்காலத்தில் வாழ்ந்த தொங்யே மக்களின் முச்சொன் விழாதான் இது என்கிறார் அலுவலக நண்பர். உண்மையா? தொங்யே பற்றி அறிய எங்கே போகலாம்?

பதில்: திருவிழாவுக்குக் கட்டாயம் போங்கள். ஆனால் அதை முச்சொன் என்று நான் சொல்ல மாட்டேன். முச்சொன் நடந்தது பத்தாம் மாதத்தில். இரவு பகலாகக் குடித்து, பாடி, ஆடி வானத்தை வணங்கியிருக்கிறார்கள். தானோ வருவதோ சந்திர நாட்காட்டியின் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள். ஐந்தாம் மாதத்தில் விதைப்பு முடிந்ததும் விழா எடுத்தவர்கள் தென்மேற்கே இருந்த மஹான் மக்கள். தானோஜேவை எழுத்தாளர் ஹோ க்யூன் நேரில் பார்த்து எழுதியது 1603-இல்தான். தொங்யே காலத்துக்கும் அதற்கும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி.

ஒன்றை மட்டும் கவனித்துப் பாருங்கள்: புலி. விழாவின் பெண் தெய்வம், தேக்வல்ல்யோங் மலைக்கணவாயின் காவல்தெய்வம் அனுப்பிய புலி தூக்கிச் சென்ற ஊர்ப்பெண் என்பது கதை. தொங்யே மக்களும் புலியைத் தெய்வமாக வைத்துப் படையலிட்டார்கள். புலி வழிபாடு கொரியா முழுக்கவே உண்டு என்பதால் இதை ஆதாரமாகக் கொள்ள முடியாது. ஆனாலும் அதே மலையடிவாரத்தில் நின்று அந்தக் கதையைக் கேட்பது தனி அனுபவம்.

தொங்யே பற்றி எழுத்தில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் சீன வரலாற்றாசிரியர் சென் ஷோ 3-ஆம் நூற்றாண்டில் எழுதிய 'மூன்று அரசுகளின் வரலாறு' நூலின் ஒரு சிறு பகுதிதான். 20,000 குடும்பங்கள், பேரரசன் இல்லை, ஊருக்கு ஊர் தலைவர்கள். வடக்கே இருந்த கொகுர்யோ அரசுக்குக் கட்டுப்பட்டிருந்ததால் 245-இல் சீன ஆளுநர்களின் படை அவர்கள்மேல் பாய்ந்தது. சிறு குதிரை, வில், புள்ளிபோட்ட கடல்விலங்குத் தோல் ஆகியவை அந்த மண்ணின் பேர்பெற்ற சரக்குகள். பல பேர் சேர்ந்து தூக்கும், சுமார் 7 மீட்டர் நீள ஈட்டியும் அவர்களிடம் இருந்தது.

எனக்கு மிகப் பிடித்தது அவர்களுடைய சேக்வா வழக்கம். ஒவ்வொரு ஊருக்கும் அதற்குரிய மலையும் ஆறும் உண்டு. அடுத்த ஊரின் எல்லைக்குள் அத்துமீறினால் அடிமைகளையோ, மாட்டையோ குதிரையையோ அபராதமாகக் கொடுத்தாக வேண்டும். காடும் ஆறும் வாழ்வுக்கு முக்கியமாயிருந்த இடத்தில், மேலே அரசன் இல்லாமலே எல்லைத் தகராறைத் தீர்க்க வழி கண்டிருக்கிறார்கள். ஒரே குலத்துக்குள் பெண் எடுப்பதில்லை. வீட்டில் நோயோ சாவோ வந்தால் அந்த வீட்டை விட்டுவிட்டுப் புதிது கட்டிக்கொள்வார்கள்.

அந்த வீடுகளைப் பார்க்க வேண்டுமென்றால் சுன்சொன் தேசிய அருங்காட்சியகத்தைத் திட்டத்தில் சேருங்கள். சுன்சொன் ஆற்றுத் தீவான சுங்தோவிலும் கங்நுங் கடலோரத்திலும் தோண்டியெடுத்த வீடுகள், தரையைப் பள்ளமாக்கிக் கட்டியவை. சதுர அறையிலிருந்து நம் ரேழி போல ஒரு வழி நீள்கிறது. சிலவற்றில் அந்த வழியின் மறுமுனையில் இன்னொரு சின்ன அறை. உள்ளே அடுப்பு: ஆற்றுக் கூழாங்கற்களை நீள்வட்டமாகப் பரப்பி, களிமண் பூசி, காற்றுத் தடுக்க ஒரு முனையில் கல் நட்டிருப்பார்கள். அதை நிதானமாகப் பாருங்கள். இதே மாதிரி வீடுகள் தலைநகர் சியோலில், பழைய பேக்ஜே அரசின் கோட்டையான புங்னாப்பிலும் கிடைத்திருக்கின்றன. ஆகவே இந்த வடிவத்தைக் கண்ட இடமெல்லாம் தொங்யே என்று எண்ண வேண்டாம்.

கங்நுங்குக்கு சியோலிலிருந்து நேரடி கேடிஎக்ஸ் அதிவேக ரயில் இருக்கிறது, சுமார் 2 மணி நேரம். சுன்சொன் வேறு ரயில் பாதை. ஒரே நாளில் இரண்டையும் முடிக்க நினைக்காதீர்கள். முதலில் அருங்காட்சியகம், அடுத்த வாரம் திருவிழா என்று வைத்துக்கொண்டால் குழந்தைகளுக்கும் அலைச்சல் இருக்காது.