முகாம் மேசையிலிருந்து வாக்குச்சாவடி வரை: மாணவத் தன்னார்வலர்களின் கேள்விகள்

வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் முகாம்களை நடத்தும் தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்ட) அணிகளும் தேர்தல் விழிப்புணர்வு மன்றங்களும் கேட்டவை.

சார், எனக்குச் சொந்த ஊர் தேனி, படிப்பது மதுரையில். விடுதி முகவரியில் வாக்காளராகப் பெயர் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். வீடா விடுதியா என்பது உங்கள் விருப்பம். விடுதி என்றால், அங்கீகாரம் பெற்ற, ஓராண்டுக்குக் குறையாத படிப்பாக இருக்க வேண்டும். கல்லூரி முதல்வர் அல்லது பதிவாளர் கையெழுத்திட்ட சான்றை, புதிதாகப் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6உடன் இணைக்க வேண்டும்.

தேனிப் பட்டியலில் ஏற்கெனவே பெயர் இருந்தால் படிவம் 6 கூடாது. படிவம் 8-இல் இடமாற்றம் கேளுங்கள். பல முகாம்கள் சறுக்குவது இங்கேதான். வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே படிவத்தை நீட்டிவிடுகிறார்கள். படிவம் 6-இல் ‘வேறெங்கும் என் பெயர் இல்லை’ என்று உறுதிமொழி இருக்கிறது. தெரிந்தே பொய் சொன்னால் 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மாட்டுவது கையெழுத்துப் போட்ட மாணவர், முகாம் நடத்தியவர் அல்ல. எனவே மேசையில் முதல் கேள்வி, ‘ஊரில் பெயர் இருக்கிறதா?’ என்பதாக இருக்கட்டும்.

முதலாமாண்டில் பாதிப் பேருக்கு வயது 17தான். காத்திருக்கச் சொல்வதா?

வேண்டாம். 17 முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என ஆண்டுக்கு நான்கு தகுதி நாள்கள். ஜூன் 20-இல் 18 நிறைகிறவருக்கு ஜூலை 1 கணக்கு.

தேர்தல் தேதி வந்தபின் பார்ப்போம் என்று மட்டும் இருக்காதீர்கள். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் கை வைக்க முடியாது. ஆட்சேபத்துக்கு 7 நாள் விட வேண்டியிருப்பதால், அந்த நாளுக்குப் பத்து நாள் முன்பே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும்.

சரியாகத்தான் நிரப்பினோம், ஆனாலும் சில நிராகரிக்கப்பட்டன. ஏன்?

பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) நேரில் பார்க்க வரும்போது விடுதி பூட்டியிருந்தால் ‘ஆள் இல்லை’ என்றாகிவிடும். செமஸ்டர் விடுமுறைக்கு முந்தைய வாரத்தில் முகாம் வைக்காதீர்கள். அடுத்தது இனிஷியல்: ஆதாரில் ஒரு மாதிரி, மதிப்பெண் சான்றிதழில் வேறு மாதிரி. விண்ணப்ப எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அது இருந்தால் நிலையை இணையத்திலோ 1950 என்ற உதவி எண்ணிலோ கேட்டுவிடலாம்.

வாக்குப்பதிவு அன்று பார்வையற்றவர்களுக்கு நாங்களே பொத்தானை அழுத்தலாமா மேடம்?

கவனம். தேர்தல் நடத்தை விதிகளின் 49என் விதிப்படி துணைக்கு வருபவருக்கு 18 நிறைந்திருக்க வேண்டும். ஒரே நாளில் ஒருவருக்கு மட்டுமே துணை போகலாம். ரகசியம் காப்பதாகவும் இன்னொருவருக்குத் துணை போகவில்லை என்றும் எழுதித் தர வேண்டும். நல்லெண்ணத்தில் ஒரே மாணவர் நான்கு பேரை அழைத்துப் போனால் வேட்பாளர்களின் ஏஜென்ட்கள் ஆட்சேபிப்பார்கள், அது நியாயமும்கூட. சக்கர நாற்காலியைத் தள்ளுவது, வரிசையில் வழிவிடச் சொல்வது, தண்ணீர் தருவது இவையே உங்கள் வேலை. துணைக்கு உறவினர் இருந்தால் அவரே போகட்டும்.

வாக்குக்குப் பணம் கொடுப்பதைப் பார்த்தால்?

தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் புகார் செய்யுங்கள். படமோ 2 நிமிடத்துக்குள் வீடியோவோ செயலிக்குள்ளேயே எடுக்க வேண்டும். பழைய கேலரிப் படம் ஏறாது. பெயர் சொல்லாமலும் அனுப்பலாம். 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது இலக்கு. தகராறுக்குப் போகாதீர்கள்.

தேர்தல் முடிந்தபின் அணிக்கு என்ன வேலை?

கிராம சபை. அது கூடும் நாள்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வரவு செலவு அறிக்கையை முன்கூட்டியே வாங்கி ஊராருக்குப் படித்துக் காட்டுங்கள். தராவிட்டால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும்.