வேலையை விடாமல் எம்பிஏ: வாசகர் கேள்விகள்

ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். பி.எஸ்சி. முடித்தவன். ஆன்லைன் எம்பிஏ, மாதத் தவணை, இன்றே சேர்ந்தால் தள்ளுபடி என்று தினமும் போன் வருகிறது. நம்பிச் சேரலாமா?
– வாசகர், ஓசூர்

பேசுவது பல்கலைக்கழகமா, அதற்கு ஆள் சேர்த்துத் தரும் நிறுவனமா என்று முதலில் கேளுங்கள். பட்டம் தருவது பல்கலைக்கழகம்தான். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் அதன் பெயர் இருந்தால் மட்டும் போதாது. எம்பிஏ படிப்பு, ஆன்லைன் முறை, நீங்கள் சேரும் பருவம் மூன்றுக்கும் அனுமதி இருக்க வேண்டும். போன வருடம் அனுமதி இருந்தது என்பதால் இந்த வருடமும் இருக்கும் என்று சொல்ல முடியாது. தொலைநிலைக்கு அனுமதி பெற்ற இடத்துக்கு ஆன்லைனுக்கு இல்லாமலும் போகலாம்.

அடுத்து 'டெப் ஐடி', அதாவது அந்தத் தொலைநிலைக் கல்விப் பிரிவின் தளத்தில் மாணவர் பதிந்து பெறும் எண். 2024-லிருந்து இது இல்லாமல் சேர முடியாது. டிஜிலாக்கர் வழியாக ஏபிசி ஐடி (கல்விக் கிரெடிட் வங்கிக் கணக்கு எண்) எடுத்து, அதைக்கொண்டு நீங்களே உருவாக்குங்கள். ஏஜென்ட் தன் செல்போன் எண்ணைக் கொடுத்துப் பதிந்துவிட்டால், பிறகு ஓடிபிக்கு அவர் பின்னால் அலைய வேண்டும். ஆதாரிலும் மதிப்பெண் பட்டியலிலும் இனிஷியல் வேறுவேறாக இருந்தால் இப்போதே திருத்திவிடுங்கள்.

தவணை என்றால் பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனத்தின் கடன். படிப்பைப் பாதியில் நிறுத்தினாலும் கடன் நிற்காது. கட்டத் தவறினால் சிபில் மதிப்பெண் விழும். அதனால் கடன் ஒப்பந்தத்தை வாங்கிப் படிக்காமல் ஓடிபி சொல்லாதீர்கள். ரசீது பல்கலைக்கழகத்தின் பெயரில் இருக்கட்டும்.

கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருக்கிறேன். லட்சக்கணக்கில் செலவழிக்க வசதியில்லை. என்ன வழி?
– வாசகி, மதுரை

இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் (இக்னோ) எம்பிஏவைத்தான் முதலில் சொல்வோம். நுழைவுத் தேர்வு இப்போது கிடையாது. பட்டப்படிப்பில் 50 சதவீதம் வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45. ஜனவரி, ஜூலை என்று வருடத்துக்கு இரண்டு சேர்க்கை. கட்டணத்தை நான்கு செமஸ்டராகப் பிரித்துக் கட்டலாம். இரண்டு வருடப் படிப்பை நான்கு வருடம் வரை இழுக்கலாம். தமிழில் எழுத முடியாது என்பது மட்டும் குறை.

பலர் தடுக்கி விழுவது அசைன்மென்ட்டில். மொத்த மதிப்பெண்ணில் 30 சதவீதம் அதற்கு, 70 சதவீதம் தேர்வுக்கு. இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். தேர்வை நன்றாக எழுதியும் அசைன்மென்ட் போய்ச் சேராததால் அந்தப் பாடம் முடியாமல் நிற்கும். அனுப்பியதற்கான ஒப்புகையைப் பட்டம் கைக்கு வரும்வரை பத்திரமாக வையுங்கள். ஒவ்வொரு செமஸ்டருக்கும் மறுபதிவும், பாடவாரிக் கட்டணத்தோடு தேர்வு விண்ணப்பமும் தனித்தனி வேலைகள். ஒன்றைச் செய்தால் மற்றது தானாக நடக்காது.

தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும், வேலை நாட்களிலும் வரும். விடுப்பை முன்பே கேட்டு வையுங்கள். கடைசி செமஸ்டரில் புராஜெக்ட்டின் முன்வரைவுக்கு ஒப்புதல் வந்த பிறகே அறிக்கை எழுத உட்காருங்கள். முன்வரைவு திரும்பி வந்தால் எழுதியது வீணாகிவிடும்.

'10 நாளில் எம்பிஏ' விளம்பரம் பார்த்தேன். செல்லுமா?
– வாசகர், திருப்பூர்

செல்லாது. இப்படிப்பட்ட விளம்பரங்களைக் குறிப்பிட்டே 2024-இல் யுஜிசி எச்சரித்தது. முறையாக அனுமதி பெற்ற இரண்டு வருட ஆன்லைன் எம்பிஏ, கல்லூரிக்குப் போய்ப் படித்ததற்குச் சமம் என்று 2022-இல் அறிவித்ததும் அதே யுஜிசிதான். இருந்தாலும் பதவி உயர்வுக்காகப் படிப்பதென்றால், உங்கள் நிறுவனம் அதை ஏற்குமா என்று எச்.ஆரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.