வாசகர் கேள்விகள்: புகை, வெயில், வெள்ளம்

கேள்வி: என் மாமியாருக்கு ஆஸ்துமா. நகரத்தில் காற்று மோசமாகும் நாட்களில் துணி மாஸ்க் போதுமா?

பதில்: போதாது. நுரையீரலின் ஆழம் வரை போகிற பிஎம் 2.5 துகள்கள் 2.5 மைக்ரோமீட்டர் அல்லது அதைவிடச் சின்னவை, துணி வழியே தாராளமாக நுழைந்துவிடும். என்95 மாஸ்க் வாங்குங்கள், அதுவும் முகத்தோடு இடைவெளியில்லாமல் பொருந்தினால்தான் பயன், அதைப் போட்டு அவருக்கு மூச்சு முட்டினால் கழற்றிவிட்டு வீட்டிலேயே இருக்கட்டும். காற்றில் இந்தத் துகள்களின் ஒரு நாள் சராசரி கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். பல நகரங்களுக்கு அது எட்டாக்கனி. ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே கொசுவத்திச் சுருள் கொளுத்துகிறவர்களை என்ன சொல்ல! அதுவும் அதே நுண்துகள்தான். அப்புறம், இன்ஹேலர் தீர்ந்தபிறகு கடைக்கு ஓடாமல் கூடுதலாக ஒன்று வாங்கி வையுங்கள்.

கேள்வி: கடும் வெயிலுக்கு ஃபேன் போதாதா?

பதில்: அறை 40 டிகிரியைத் தாண்டினால் ஃபேன் சூடான காற்றைத்தான் உடம்பில் அடிக்கும். ஈரத்துணியால் உடம்பைத் துடையுங்கள். யாராவது குழப்பமாகப் பேசினாலோ மயங்கினாலோ உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அதுவரை உடம்பில் தண்ணீர் ஊற்றிக் குளிர்வியுங்கள்.

கேள்வி: வெள்ளம் வடிந்தபின் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் போதுமா?

பதில்: கிருமி பயம் மட்டும்தான் என்றால், நன்றாகக் கொதி வந்தபின் 1 நிமிடம் போதும். பெட்ரோலோ ரசாயனமோ கலந்திருந்தால் கொதிக்க வைத்தும் பயனில்லை, அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். மூடிய கேன்களில் கொஞ்சம் நல்ல தண்ணீரை மழைக்கு முன்பே பிடித்து வையுங்கள்.