சுடர் வேகமும் கொந்தளிப்பும்: வாசகர் கேள்விகள்

கொந்தளிப்பில் சுடர் ஏன் வேகமாகப் பரவுகிறது?

கொந்தளிப்பு என்பது காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவை தாறுமாறாகச் சுழன்று கலங்குவது. அதில் சுடர்முகம், அதாவது எரிந்த பகுதிக்கும் எரியாத பகுதிக்கும் இடையே உள்ள மெல்லிய எரியும் படலம், கசங்குவதால். கசக்கிய வேட்டி கைப்பிடிக்குள் அடங்குவது போல, அதே இடத்துக்குள் அதிகப் பரப்பு. பரப்பு கூடினால் நொடிக்கு எரியும் கலவையும் கூடும். ஜெர்மன் ஆய்வாளர் டாம்கோலர் 1940-இல் சொன்ன விளக்கம் இது.

பெட்ரோல் கலவையில் சுடர் வேகம் 40 செ.மீ. என்கிறார்கள், 3 மீட்டர் என்றும் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டும். எதைச் சார்ந்த வேகம் என்று பார்க்காமல் எண்ணை மட்டும் எடுக்காதீர்கள். எரியாத கலவையைச் சார்ந்து நொடிக்கு 40 செ.மீ. எரிந்த வாயு ஏழெட்டு மடங்கு விரிந்து சுடரை முன்னே தள்ளுவதால், வெளியே நின்று பார்ப்பவருக்கு 3 மீட்டர்.

ஏர் ஃபில்டர் குழாயில் மாட்டும் 'சுழல் விசிறி'யால் மைலேஜ் கூடுமா?

கூடாது. மாதம் தவறாமல் வரும் கேள்வி, அதனால் விரிவாகவே சொல்கிறேன். 6,000 ஆர்பிஎம்-இல் (நிமிடத்துக்கு 6,000 சுற்று) ஒரு சுற்றுக்கு 10 மில்லி நொடிதான். கொந்தளிப்பு இல்லாவிட்டால் சுடர் 4 செ.மீ. கடப்பதற்குள் பிஸ்டன் ஒரு சுற்றே முடித்துவிடும். வால்வின் குறுகலான இடைவெளியில் காற்று பாய்ந்து நுழைவதும், மேலேறும் பிஸ்டன் ஓரக் காற்றைப் பிதுக்குவதும்தான் காப்பாற்றுகின்றன. ஆர்பிஎம் ஏற ஏறக் கொந்தளிப்பும் ஏறும், சுடர் வேகம் நொடிக்கு 20 மீட்டரைத் தாண்டும். எஞ்சின் பொறியாளர் டுகால்ட் கிளார்க் 1912 வாக்கிலேயே இதைக் காட்டினார்: உள்ளே இழுத்த கலவையை உடனே பற்றவைக்காமல் சில சுற்றுகள் அப்படியே அமுக்கி விரித்து, கொந்தளிப்பு அடங்கியபின் பொறி வைத்தால், எரிய வெகுநேரம் பிடித்தது.

ஃபில்டர் குழாயில் கிளப்பும் சுழல், காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தகட்டில் மோதி, வால்வுக்கு வருமுன்பே தேய்ந்துவிடும். மிஞ்சுவது காற்றுக்குத் தடை. தம்பி மகன் ஸ்கூட்டரில் மாட்டியிருந்ததைக் கழற்றிப் பார்த்தேன். ஆறு தகர இதழ்கள், விளிம்பெல்லாம் பிசுக்கேறிய தூசி, ஓர் இதழில் ரிவெட் தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அது கழன்று உள்ளே போயிருந்தால் வால்வு காலி. தயவுசெய்து வாங்காதீர்கள்.

கொந்தளிப்பு கூடக்கூட வேகமும் கூடிக்கொண்டே போகுமா?

போகாது. ஓர் அளவுக்குமேல் சுடர் இழுபட்டு அணைந்துவிடும். கலவை மெலிந்திருந்தால் இன்னும் சீக்கிரம்.

திறந்தவெளியில் கசிந்த ஆவி வெடிக்காதுதானே?

இப்படி நினைப்பது ஆபத்து. இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில் 2005 டிசம்பர் 11 அன்று வெடித்த பெட்ரோல் ஆவி பரவியிருந்தது திறந்தவெளியில்தான். சாலையோர மரங்களும் புதர்வேலியும் சுடரைக் கசக்கி வேகம் ஏற்றின. அதனால் கசிவு தெரிந்தால் முதலில் விலகுங்கள், ஸ்விட்ச் எதையும் தொடாதீர்கள்.

மீத்தேன் சுடர் வேகம் எவ்வளவு? அவசரம்.

கலவை விகிதம், அழுத்தம், வெப்பநிலை எழுதி அனுப்புங்கள். எதைச் சார்ந்த வேகம் வேண்டும் என்பதையும்.