மறுமொழி: தெர்மாகோல் ஒட்டியும் மண்டபத்துச் சத்தம் குறையவில்லை

வில்லாபுரத்தில் கல்யாண மண்டபத்தை ஒட்டி வீடு. ஜன்னல் முழுக்கத் தெர்மாகோல் ஒட்டியும் மகனால் படிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பாட்டின் சொற்கள் மங்கி, 'தும் தும்' மட்டும் மிஞ்சுகிறது என்றீர்களே, விடை அதிலேயே இருக்கிறது.

நம் ஊர் வெப்பத்தில், 30 டிகிரி என்று வைத்துக்கொண்டால், ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் செல்லும். அந்தத் 'தும் தும்', அதாவது 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 அதிர்வு) அடியொலியின் அலைநீளம் அப்போது 7 மீட்டர். சொற்களைத் தெளிவாக்கும் 3,500 ஹெர்ட்ஸ் ஒலிக்கோ வெறும் 10 சென்டிமீட்டர். நீண்ட அலை மூலைகளைச் சுற்றி வளைந்து வரும், சுவரையே அதிரவைக்கும். நம் காதோ தாழ்ந்த ஒலிகளுக்கு மந்தம். அப்படியும் கேட்கிறதென்றால், வருவது நிஜமாகவே பலத்த சத்தம்.

அதைத் தடுக்க எடை வேண்டும். தெர்மாகோலில் இருப்பது பெரும்பாலும் காற்று! (விற்றவர் சொல்லியிருக்க மாட்டார்.) தடுப்பின் எடை இரட்டித்தால் சத்தம் சுமார் 6 டெசிபல் (ஒலி அளவின் அலகு) குறையும் என்பது தோராயக் கணக்கு; அடியொலிக்கு அதுவும் முழுதாகக் கிடைக்காது.

எனவே முதலில் இடுக்குகளை ரப்பர் பட்டையால் அடையுங்கள். பிறகு, இடைவெளி விட்டுத் தடித்த கண்ணாடியில் இரண்டாவது ஜன்னல். செலவில்லாத வழி, மகனை மறுபக்க அறைக்கு மாற்றுவது. வாசலில் ஒலிபெருக்கி வைத்து இரவு 10 மணிக்கு மேலும் அலறவிட்டால் அவசர உதவி எண் 112-ஐ அழையுங்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் உங்கள் பக்கம்.