குழந்தைகளோடு உயர்மலைக்கு: வாசகர் கேள்வி – பதில்

மலைநாட்டு நடைப்பயணம் பற்றி வந்த கடிதங்களில், குடும்பத்தோடு செல்வோருக்குப் பயன்படக்கூடிய சிலவற்றை இம்முறை தெரிந்தெடுத்திருக்கிறோம்.

கேள்வி: மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஆறு வயது. தைப்பொங்கலை ஒட்டிய விடுமுறையில் நுவரெலியாவுக்கு அருகேயுள்ள ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்குப் போக விரும்புகிறோம். அங்குள்ள ஒன்பது கிலோமீற்றர் சுற்றுப்பாதையைச் சின்னவனால் நடக்க முடியாது என்பது கணவரின் எண்ணம். இரவே வான் பிடித்துப் புறப்பட்டால் விடியற்காலையில் அங்கு நடந்துவிட்டு அன்றே திரும்பலாம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். தங்கள் கருத்து என்ன? (வாசகி, கொக்குவில்)

பதில்: தை மாதத்தைத் தெரிந்தெடுத்தது நல்லது. ஆனால் உறவினர்கள் சொல்லும் திட்டத்தை ஏற்க வேண்டாம் என்று உறுதியாகக் கேட்டுக்கொள்கிறேன். ஏ-9 வீதியில் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வரை 321 கிலோமீற்றர். அங்கிருந்து வளைந்து வளைந்து ஏறும் வீதியில் நுவரெலியாவுக்கு மேலும் எழுபதுக்கு மேற்பட்ட கிலோமீற்றர். இரவு முழுவதும் வாகனத்தில் குலுங்கி, வளைவுகளில் வாந்தியெடுத்து, உறக்கமும் சாப்பாடும் இல்லாமல் வந்திறங்கும் ஆறு வயதுப் பிள்ளையை 2,100 மீற்றர் உயரத்துக் குளிரில் நடக்கச் சொல்வது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். அன்றிரவே மீண்டும் நானூறு கிலோமீற்றர் ஓட்ட வேண்டிய சாரதியின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். முதல் நாள் பகலில் பயணம் செய்து நுவரெலியாவில் இரவு தங்குங்கள். சமவெளி அங்கிருந்து ஏறத்தாழ 32 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. அதிகாலை ஐந்து மணிக்கு முன்னரே புறப்பட்டால் காலை ஆறு மணியளவில் பூங்காவின் வாயில் திறக்கும்போது நீங்கள் அங்கே நிற்கலாம்.

இவ்வளவு அதிகாலையை வற்புறுத்துவதற்குக் காரணம் மூடுபனி. 'உலக முடிவு' எனப்படும் செங்குத்துச் சரிவு ஏறத்தாழ 870 மீற்றர் ஆழமானது. காலை வெயில் ஏற ஏறக் கீழ்ப்பள்ளத்தாக்கின் ஈரக்காற்று அந்தச் சரிவின் வழியே மேலெழுந்து குளிர்ந்து பனிமூட்டமாகி விடுவதால், பல நாட்களில் ஒன்பது, பத்து மணிக்குப் பின்னர் அங்கே வெள்ளைத் திரையைத் தவிர வேறொன்றும் தெரியாது. அதனால்தான் இந்த நடையின் நேர அட்டவணையைப் பெரியவர்களின் வேகத்தை வைத்துப் போடாமல், சின்னவனின் வேகத்தை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும்.

உங்கள் கணவரின் தயக்கத்திலும் நியாயம் இருக்கிறது. முழுச் சுற்றுப்பாதை ஏறத்தாழ ஒன்பதரை கிலோமீற்றர். பெரியவர்களுக்கு மூன்று முதல் நான்கு மணித்தியாலம் பிடிக்கும், ஆறு வயதுப் பிள்ளையோடு ஐந்து மணித்தியாலத்துக்குக் குறையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதை பெரும்பாலும் ஏற்றமில்லாதது என்றாலும், மழைநீர் அரித்த கற்களும் வேர்களும் வழுக்கும் களிமண்ணும் உள்ள பாதை. ஆனால் முழுச் சுற்றையும் நடந்தே தீர வேண்டும் என்று யாரும் விதி எழுதவில்லை. புறப்படும் இடத்திலிருந்து சுமார் இரண்டு கிலோமீற்றரில் 'சிறிய உலக முடிவு' வந்துவிடும். அங்கிருந்து பார்த்தாலே பள்ளத்தாக்கின் ஆழம் பிள்ளைகளுக்கு விளங்கும். அங்கே சின்னவன் உற்சாகமாக இருந்தால் இன்னும் இரண்டு கிலோமீற்றர் தள்ளியிருக்கும் பெரிய உலக முடிவுக்குச் செல்லுங்கள். கால் இழுபட்டால் வந்த வழியே திரும்புங்கள். எந்த இடத்தில், எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை முதல் நாள் இரவே கணவரும் நீங்களும் பேசி முடிவு செய்யுங்கள். களைத்த பிள்ளை அழும்போது நடுவழியில் நின்று பெற்றோர் வாதிடுவதால்தான் பல குடும்பங்களின் மலைப்பயணம் மனக்கசப்பில் முடிகிறது.

சரிவின் விளிம்பை அடையும் முன்னரே இரு பிள்ளைகளின் கைகளையும் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு பெரியவருக்கு ஒரு பிள்ளை என்ற கணக்கு அங்கே தவறக் கூடாது. பாதை முழுவதும் வேலி இருக்கும் என்று நம்ப வேண்டாம். 2015ஆம் ஆண்டில் புகைப்படம் எடுப்பதற்காகப் பின்னால் அடியெடுத்து வைத்த வெளிநாட்டுப் பயணி ஒருவர் இங்கே தவறி விழுந்து, கீழே இருந்த மரமொன்றில் தங்கியதால் உயிர் தப்பினார். படம் எடுப்பவர் நடக்கக் கூடாது, நடப்பவர் படம் எடுக்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். சுற்றுப்பாதையில் வரும் பேக்கர் நீர்வீழ்ச்சியைப் பார்க்கலாம், ஆனால் நீரில் இறங்க விடாதீர்கள். பாறை வழுக்கும், நீர் விறைக்கும்.

கேள்வி: என் தாயாருக்கு அறுபத்தெட்டு வயது. இரத்த அழுத்தமும் தொய்வும் உண்டு. பேரப்பிள்ளைகளோடு தானும் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறார். உயரத்தில் மூச்சுத் திணறுமா? (வாசகர், சாவகச்சேரி)

பதில்: கடுமையான மலைநோய் பொதுவாக 2,500 மீற்றருக்கு மேலேதான் தலைகாட்டும். ஹோட்டன் சமவெளி 2,100 மீற்றருக்கும் 2,300 மீற்றருக்கும் இடைப்பட்டது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்களவுதான். கடல் மட்டத்தோடு ஒட்டிய குடாநாட்டில் வாழ்நாள் முழுவதும் இருந்தவருக்கு முதல் நாளில் சிறு ஏற்றமும் மேல்மூச்சு வாங்கச் செய்யும். சிலருக்கு இலேசான தலையிடியும் வரும். நுவரெலியாவே 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால், அங்கே ஓரிரவு தங்குவது உடல் பழக உதவும். தொய்வு உள்ளவருக்கு உயரத்தைக் காட்டிலும் குளிர்காற்றே பெரிய எதிரி. மூக்கையும் வாயையும் சால்வையால் மூடி நடக்கட்டும். உறிஞ்சும் மருந்து வாகனத்தில் இருக்கும் பையில் இருந்து பயனில்லை. அவர் கையெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அழுத்த மாத்திரைகளைப் பயண நாளில் நிறுத்த வேண்டாம். புறப்படும் முன் அவருடைய வைத்தியரிடம் இந்த உயரத்தையும் குளிரையும் சொல்லிக் கட்டாயம் அபிப்பிராயம் கேளுங்கள்.

வைத்தியர் தயங்கினால் ஆசையை முற்றாக மறுக்கவும் தேவையில்லை. அம்மா புல்வெளியின் ஆரம்பப் பகுதியில் சிறிது தூரம் நடந்து மரைகளைப் பார்த்துவிட்டு, துணைக்கு ஒருவரோடு வாகனத் தரிப்பிடத்துக்குத் திரும்பி ஓய்வாக இருக்கலாம். மறுநாள் 1861ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஹக்கல தாவரவியல் பூங்காவுக்கும், அதன் அருகே சீதா எலியவில் உள்ள சீதையம்மன் கோவிலுக்கும் அழைத்துச் செல்லுங்கள். பேரப்பிள்ளைகளும் அங்கே அம்மம்மாவின் நடைக்கு இசைந்து நடப்பார்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் குளிர் உடுப்பு என்று ஒன்றுமே இல்லை. ஒரு நாளுக்காக விலையுயர்ந்தவற்றை வாங்கத்தான் வேண்டுமா? (வாசகி, பருத்தித்துறை)

பதில்: வேண்டியதில்லை. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரை பாகை குறையும் என்பது பொதுவான கணக்கு. பருத்தித்துறையில் 27 பாகை இருக்கும்போது சமவெளியில் 13, 14 பாகைதான் இருக்கும். தை, மாசி இரவுகளில் புல்லின் மீது உறைபனி படிவதும் உண்டு. இதற்குத் தடித்த ஒரு மேலாடையைக் காட்டிலும் மெல்லிய இரண்டு, மூன்று உடுப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவதே சிறந்தது. நடக்கையில் உடல் சூடேறும்போது ஒன்றைக் கழற்றலாம், நிற்கையில் மீண்டும் போடலாம். உட்புறத்துக்குப் பருத்தியைத் தவிருங்கள். வியர்வையில் நனைந்த பருத்தி உடலைக் குளிரச் செய்யும். விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகள் அணியும் மெல்லிய பொலியெஸ்டர் சட்டையே போதும். காதை மூடும் தொப்பி, மழைக்கோட்டு, ஒரு சோடி மாற்றுக் காலுறை ஆகிய மூன்றையும் விட்டுவிட வேண்டாம். பாட்டாச் செருப்போடு நடக்க விடாதீர்கள். பாடசாலைக்குப் போடும் ஓட்டச் சப்பாத்து நல்ல பிடிமானத்தோடு இருந்தால் அதுவே போதும்.

கைக்குழந்தையைத் தூக்கிச் செல்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தூக்குபவருக்கு வியர்க்கும், ஆனால் அசையாமல் தொங்கும் குழந்தையின் கைகால்கள் குளிர்ந்துவிடும். அடிக்கடி தொட்டுப் பாருங்கள். மேலே வெயில் சுடுவது தெரியாவிட்டாலும் தோல் கருகும் என்பதால் முகத்துக்கு நிழல் தரும் தொப்பியும் தேவை.

கேள்வி: சாப்பாட்டை எப்படிக் கொண்டு செல்வது? வாயிலில் பைகளைச் சோதிக்கிறார்களாமே? (வாசகர், காரைநகர்)

பதில்: ஆம், பொலித்தீன் உறைகளை உள்ளே கொண்டுசெல்ல விடமாட்டார்கள், தண்ணீர்ப் போத்தலின் மேலொட்டியைக்கூடக் கழற்றச் சொல்வார்கள். இந்தச் சோதனையைத் தொந்தரவு என்று நினைக்காதீர்கள். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீர் தரும் ஊற்றுகள் இங்கே இருக்கின்றன. நாம் எறியும் உறை திருகோணமலையின் கொட்டியாரக் குடா வரை போகக்கூடும். பிட்டையும் சம்பலையும் வாழையிலையில் கட்டி மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். நடக்கும்போது பிள்ளைகளுக்கு அரை மணிக்கொருமுறை கொடுக்க எள்ளுருண்டை, கச்சான், பனங்கட்டித் துண்டு போன்றவை நல்லவை. பசி வந்த பின் கொடுத்தால் பிள்ளை நடக்காது. பாதையில் கடைகள் இல்லை. வாகனத் தரிப்பிடத்தில் நெருங்கி வரும் மரைக்கு எதையும் ஊட்டாதீர்கள். மனிதர் கையை எதிர்பார்க்கப் பழகிய மரை பிள்ளையின் பையைப் பிடுங்கும், பொலித்தீனையும் விழுங்கும்.

கேள்வி: எங்களுக்கு ஓகஸ்ட் விடுமுறைதான் வசதி. (வாசகி, மானிப்பாய்)

பதில்: யாழ்ப்பாணத்தில் சோளகக் காற்று புழுதி கிளப்பும் காலத்தில், அதே காற்று மலையின் தென்மேற்குச் சரிவில் மோதி மழையாகவும் மூட்டமாகவும் இறங்கும். நடக்க முடியும், ஆனால் நனைந்த பிள்ளையும் பலத்த காற்றும் சேரும்போது குளிர் ஆபத்தாக மாறும். தை முதல் பங்குனி வரை பொறுக்க முடிந்தால் பொறுங்கள். போயா நாட்களையும் நீண்ட வார இறுதிகளையும் மட்டும் தவிருங்கள்.

கேள்வி: பதினைந்து வயது மகன் மலையுச்சி ஒன்றில் ஏற வேண்டும் என்கிறான். கிரிகல்பொத்தைக்கு விடலாமா? (வாசகர், வல்வெட்டித்துறை)

பதில்: 2,395 மீற்றர் உயரமான கிரிகல்பொத்தை இலங்கையின் இரண்டாவது உயரமான மலை. போய்வர ஏறத்தாழ முழு நாள் வேண்டும். மூட்டத்தில் வழி தவறவும் கூடும். முதல் தடவைக்கு 2,357 மீற்றர் உயரமுள்ள தொட்டுபொலவே பொருத்தமானது. ஹோட்டன் சமவெளியின் பட்டிப்பொல வாயிலுக்கு அண்மையில் தொடங்கும் பாதையில் உச்சிக்குச் சுமார் இரண்டு கிலோமீற்றர்தான். நீங்களும் கூடவே ஏறுங்கள். வாயிலில் இருக்கும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்கள ஊழியரிடம் எங்கே போகிறீர்கள், எப்போது இறங்குவீர்கள் என்பதைச் சொல்லிவிட்டு, மகனின் கழுத்தில் ஒரு விசிலையும் மாட்டிவிட்டுப் புறப்படுங்கள்.