தன்வரலாறும் வரலாறும் காதுவழியே: சில கேள்விகள், சில பதில்கள்

கேள்வி: தன்வரலாற்று ஒலிநூல் என்றால் எழுதியவரே வாசித்ததை மட்டுமே கேட்க வேண்டும் என்கிறார் என் நண்பர். தொழில்முறை வாசிப்பாளர்கள் அவ்வளவு குறைந்தவர்களா?

பதில்: நண்பர் சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது. பராக் ஒபாமா தம் இளமைக்கால நினைவுகளைத் தாமே வாசித்த ஒலிப்பதிவுக்கு 2006-இல் கிராமி விருது கிடைத்தது. மிஷெல் ஒபாமா தம் நினைவுநூலை ஏறத்தாழ 19 மணி நேரம் தாமே வாசித்து 2020-இல் அதே விருதைப் பெற்றார். எந்த இடத்தில் தயங்குகிறார், யாருடைய பெயரைச் சொல்லும்போது குரல் இறுகுகிறது, எந்த வருத்தத்தை விரைந்து கடந்துபோகிறார் என்பன போன்ற, அச்சில் ஏறாத செய்திகள் எழுதியவரின் குரலில்தான் கிடைக்கும். ஆனால் அவர்கள் இருவரும் மேடையில் பேசிப் பழகியவர்கள். எழுத்தில் மட்டும் வல்லவரான ஒருவர், தாம் எழுதிய உயிருள்ள வரிகளையே அறிக்கை படிப்பதுபோல் படித்துவிடுவதும் உண்டு. மறைந்தவர்களின் நூல்களுக்கோ வேறு வழியே இல்லை. அத்தகைய நூல்களுக்கு அடக்கமான குரலையே தேடுவேன். எழுதியவர் அழாத இடத்தில் வாசிப்பவர் அழத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிடுவேன்.

கேள்வி: பழைய காலத் தன்வரலாறுகள் கேட்பதற்கு ஏற்றவையா? நடை கடினமாக இருக்குமோ என்று தயங்குகிறேன்.

பதில்: சில நூல்கள் புதியவற்றைவிடவும் ஏற்றவை. காந்தியின் 'சத்திய சோதனை' 1925 முதல் 1929 வரை 'நவஜீவன்' இதழில் வாரந்தோறும் வந்த தொடர். உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940-இல் 'ஆனந்த விகட'னில் தொடங்கி, 1942-இல் அவர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்றது. வார இதழுக்காக எழுதியவர்கள் அத்தியாயங்களைச் சிறிதாக வைத்தார்கள். ஒரே அமர்வில் ஒன்றிரண்டைக் கேட்டு முடித்துவிடலாம். அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த யுலிசிஸ் கிராண்ட், தொண்டைப் புற்றுநோய் குரலைப் பறிக்கும்வரை தம் நினைவுகளின் ஒரு பகுதியை வாயால் சொல்லியே எழுதுவித்தார். பிறகு கையால் எழுதி முடித்து, 1885-இல் இறந்தார். வாயில் பிறந்த நூல் காதுக்கு அந்நியமாவதில்லை.

கேள்வி: வரலாற்று நூல் என்றால் பத்து நிமிடத்தில் தொலைந்துபோகிறேன். பெயர்கள், ஆண்டுகள், படையெடுப்புகள் எல்லாம் கலந்துவிடுகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: குறை உங்களுடையது அன்று. கண் ஒரு பக்கம் பின்னே போய், "இந்த மன்னன் யாருடைய மகன்?" என்று பார்த்துவிட்டு நொடியில் திரும்பிவிடும், காதுக்கு அந்த வசதி இல்லை. எனவே நூலைத் தேர்ந்தெடுக்கும்போதே அதன் கட்டமைப்பைப் பாருங்கள். ஒரு மனிதர், ஒரு முற்றுகை, ஓர் ஆண்டு என்று எல்லை வகுத்துக்கொண்டு கால வரிசையில் செல்லும் நூல்கள் காதில் நிற்கும். பல நூற்றாண்டுகளின் வரி, விலை, மக்கள்தொகை ஆகியவற்றை அட்டவணைகளால் விளக்கும் நூல்களை அச்சிலேயே படிப்பது நல்லது. வரைபடங்களையும் குடிவழிப் பட்டியலையும் பதிப்பாளர் தனிக் கோப்பாகக் கொடுத்திருந்தால், கேட்கத் தொடங்கும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் உண்டு: மேற்கோள் குறி காதில் விழாது. ஒரு தளபதியின் கடிதம் எங்கே முடிகிறது, அதைப் பற்றிய வரலாற்றாசிரியரின் கருத்து எங்கே தொடங்குகிறது என்பதை நல்ல வாசிப்பாளர் சிறு இடைவெளியாலும் குரல் மாற்றத்தாலும் உணர்த்துவார். மற்றவர்களிடம் கேட்கும்போது, சாட்சியின் சொல்லை ஆய்வாளரின் முடிவாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. வாங்கும் முன் மாதிரிப் பகுதியில் கவனிக்க வேண்டியது இதைத்தான். குரலின் இனிமை அடுத்தபடியே.

கேள்வி: எந்த வேகத்தில் கேட்பது சரி?

பதில்: ஆங்கில ஒலிநூல்களில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 9,000 சொற்கள் என்பது பொதுவான கணக்கு, ஒரு லட்சம் சொற்கள் கொண்ட நூல் 11 மணி நேரம் ஓடும். வேகத்தை 1.25 ஆக்கினால் 9 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வரலாற்றுக்கு அது தாங்கும். தன்வரலாற்றில் மௌனங்களும் நூலின் பகுதி என்பதால் நான் வேகத்தைத் தொடுவதில்லை.

கேள்வி: சுருக்கப் பதிப்பு போதுமா?

பதில்: போதாது. ஒலிநாடாக்களின் காலத்தில், சில நாடாக்களுக்குள் அடக்குவதற்காக நூல்களைச் சுருக்கும் வழக்கம் பரவியது. வரலாற்று நூலைச் சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுபவை ஆதாரங்களும் "இது உறுதியில்லை" என்னும் தயக்கங்களும்தான். எஞ்சுவது வெறும் கதை.

கேள்வி: கேட்பதை வாசிப்பு என்று சொல்லலாமா? வீட்டில் கேலி செய்கிறார்கள்.

பதில்: பார்வையிழந்தோருக்காக 1930-களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இசைத்தட்டுகளில் வெளிவந்த பேசும் நூல்களே இந்த வடிவத்தின் தொடக்கம். அவற்றைக் கேட்டவர்கள் நூல்களை வாசிக்கவில்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது. கேலி செய்பவர்களிடம் ஒரு காதுக்கருவியைக் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: ஓர் அரசியல் தலைவரின் நினைவுகளை அவர் குரலிலேயே கேட்டேன். முழுவதும் நம்பிவிட்டேன். பிறகு அதே நிகழ்ச்சிகளைப் பற்றி வேறொரு நூலில் படித்தபோது முற்றிலும் வேறாக இருந்தது. குரல் என்னை ஏமாற்றியதா?

பதில்: குரல் ஏமாற்றவில்லை, நூல் தன் ஆதாரங்களால் ஈட்ட வேண்டிய நம்பிக்கையைக் குரல் முன்கூட்டியே வாங்கித் தந்துவிட்டது. பல மணி நேரம் நம் காதருகே பேசிய ஒருவரைச் சந்தேகிப்பது எளிதன்று. போதாக்குறைக்கு, அடிக்குறிப்புகள் ஒலிப்பதிவில் பெரும்பாலும் விடுபட்டுப்போவதால், ஆதாரமுள்ள கூற்றும் ஆதாரமற்ற கூற்றும் ஒரே தொனியில் ஒலிக்கின்றன. ஒருவர் தம் பதவிக்காலத்தைப் பற்றித் தாமே சொல்லும்போது, அவர் உண்மையாகவே நினைவுகூர்கிறாரா, நியாயப்படுத்துகிறாரா என்பதைக் குரலைக் கொண்டு மட்டும் அறிய முடியாது. பல நேரங்களில் அவருக்கே அது தெரியாது. நான் கைக்கொள்ளும் முறை எளிது: தன்வரலாற்றைக் கேட்டு முடித்ததும், அதே ஆண்டுகளைப் பற்றி அவரோடு முரண்பட்டவர் எழுதியதையோ ஒரு வரலாற்றாசிரியர் எழுதியதையோ அடுத்ததாக எடுத்துக்கொள்வேன். நீங்களும் தற்செயலாக அதையே செய்திருக்கிறீர்கள். இப்போது முதல் நூலுக்குத் திரும்பி, இரண்டும் முரண்படும் அத்தியாயங்களை மட்டும் மறுபடியும் கேளுங்கள். அவர் எதைச் சொல்லாமல் விட்டார் என்பது இம்முறை தெரியவரும்.